பாத்திரச் சத்தமும் ஒரு வாளிப் பெயிண்ட்டும்

‘கொஞ்சம் கண்ணசருங்க அத்தை’ என்ற இளம்பச்சையை அடித்த வீடுகளில் எல்லாம் மாமியார்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிப்போனார்கள். உட்கார்ந்த நாற்காலியிலேயே தூங்கியவர்கள் உண்டு. ஒரு குறையைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கியவர்கள் உண்டு. அவர்கள் சாயங்காலம் எழுந்து மீதிப் பாதியைச் சொல்லி முடித்தார்கள். பெயிண்ட் கம்பெனி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிற அட்டையின் பின்பக்கம், ‘கழுவினால் போகாது, பூஞ்சை பிடிக்காது’ என்பதற்குக் கீழே, ‘மாமியார் தூங்குவார்’ என்று சின்ன எழுத்தில் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். ‘வந்துட்டேன், வாசல்லதான் நிக்கிறேன்’ என்ற ஆரஞ்சை அடித்த வீடுகளில், காத்திருந்த ஆள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து கதவைத் தட்டினார். வரவேண்டாத ஆளும் சில சமயம் தட்டினார். அதற்குக் கம்பெனி பொறுப்பேற்கவில்லை. ‘உன்னை யாரு கேட்டா’ என்ற பழுப்பை ஓர் அலுவலகம் தன் கூட்ட அறைக்கு அடித்தது. பிறகு அங்கே கூட்டங்கள் டீ வருவதற்குள் முடிந்தன. ‘ஆகட்டும், மெதுவா பாத்துக்கலாம்’ என்ற வெளிர்நீலத்தை ஒரு வக்கீல் அட்டையைப் படிக்காமல் அடித்துவிட்டு, கையில் இருந்த ஒரு வழக்கும் நகரவில்லை என்று திரும்பி வந்து வெள்ளை வாங்கிக்கொண்டு போனார்.

இந்தப் பெயர்களை எல்லாம் வைத்தது ஒரு பெண்தான். கம்பெனியில் அவளுக்குப் பேர்க்காரம்மா என்று பெயர். நிறங்களை அவள் ஆபீசில் பார்க்கமாட்டாள். குழல்விளக்கு வெளிச்சத்தில் எந்த நிறமும் காய்ச்சலில் படுத்தது போலத்தான் இருக்கும் என்பாள். கலவைக்கூடத்தில் புதிய நிறம் பூசிய சின்னப் பலகையைத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் நிறுத்திவைப்பாள். பிறகு அதை மறந்துவிட்டுச் சமைப்பாள், சண்டை போடுவாள், பால் பொங்கினால் ஓடிவந்து அணைப்பாள். என்றைக்காவது பேச்சுக்கு நடுவே பெயர் வந்து நிற்கும். மறுநாள் போய்ச் சொல்லிவிடுவாள். எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், “சமையக்கட்டுல பேசறதுதான், வேற எங்கேருந்து?” என்பாள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

அந்தச் சமையலறையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. மாமியார் இருந்தவரைக்கும், “எனக்கெங்க தூக்கம் வருது” என்று மதியம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். புருஷன் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவன். கிரீஸ் வாசனையோடும் இருமலோடும் வந்து, எதையாவது காணோம் என்று தேடுவான். இவர்களை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு நாத்தனார். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அரக்குச் சிவப்புப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். பெட்டி பரணுக்குப் போனது. அவள் எங்கும் போகவில்லை. வருஷங்கள் ஓடின. அவளுக்கு வாய் ஓயாது. ஆனால் சமையலறைக்குள் நுழையும்போது ஒவ்வொரு தடவையும் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணி, நான் உங்களுக்குத் தொந்தரவா இருக்கேனா?” என்று கேட்பாள். பேர்க்காரம்மா பதில் சொல்லமாட்டாள். கையில் இருக்கும் கரண்டியையோ மூடியையோ டணால் என்று வைப்பாள். நாத்தனார் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, “ஐயோ அண்ணி, கேளுங்க கதையை” என்று ஆரம்பித்து, சொல்வதற்கு முன்பே தானே சிரித்துவிடுவாள். குடம் உருள்வது போன்ற சிரிப்பு. தெருக்கோடிவரை கேட்கும். இந்தச் சிரிப்பு ஒரு நாளாவது நிற்காதா என்று பேர்க்காரம்மா நினைக்காத வருஷம் கிடையாது.

“பேரெல்லாம் என் வாயிலேருந்து உதிர்ந்தது அண்ணி. நீங்க பொறுக்கிட்டுப் போறீங்க” என்பாள் நாத்தனார்.

“உதிர்ந்ததுல பாதி கல்லு. அதைப் பொறுக்கி எறியறதும் நான்தான்.”

“அது சரி, எங்கம்மாவைக் கண்ணசரச் சொன்னது யாரு? இந்த வீட்ல அவங்ககிட்ட அவ்வளவு பதமா யாரும் பேசினதில்லையே.”

“சொல்லியிருப்பேன். உன் சத்தத்துல உனக்கே கேட்டிருக்காது.”

அப்போதுதான் கம்பெனிக்கு மாப்பிள்ளை வந்தது. செயற்கை நுண்ணறிவு இயந்திரம் என்று மேலாளர் விளக்கினார். மேலாளருக்கு எப்போதும் முகம் துடைத்துவைத்தது போல இருக்கும் என்பதால் கலவைக்கூடத்து ஆட்கள் அவரைப் பளபளப்பு என்பார்கள். வந்த அன்றைக்கே ஏசி அறை, அதன் முன்னால் யாரும் சாப்பிடக்கூடாது, சத்தம் போடக்கூடாது, அது வாயைத் திறந்தால் எல்லோரும் எழுதிக்கொள்ளவேண்டும். அதனால் அதற்கு மாப்பிள்ளை என்ற பெயரையும் அவர்களே வைத்தார்கள். மாப்பிள்ளை ஒரு மூச்சில் ஆயிரம் பெயர் சொன்னது. ‘பொன்மாலைத் தென்றல்’, ‘இளங்காலை அமைதி’, ‘மலர்வனச் சாரல்’. ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. சுவர்களில் அடித்தார்கள். சுவர்கள் சுவர்களாக இருந்தன. வாங்கியவர்களில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. சுவர் சும்மா இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் எந்த ஊரிலும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் பளபளப்புக்குத் திருப்தி இல்லை. மாப்பிள்ளைக்கும் பேர்க்காரம்மாவின் வித்தை வரவேண்டும், அதற்கு அது அவள் சமையலறையைக் கேட்கவேண்டும் என்று சொல்லி, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினார்.

பேர்க்காரம்மா அதை முதல் நாளே சந்தேகப்பட்டாள். முகம் இல்லாத பொருள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எப்படித் தெரியும்? சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்தாள். பாத்திரம் துடைக்கிற துணியைப் போட்டு மூடினாள். நாத்தனார் வந்து துணியை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் குறுக்கே பேசாமல் தன்னைக் கேட்க அவளுக்கு ஓர் ஆள் கிடைத்தது அப்போதுதான். அவள் சொல்லச் சொல்ல, பெட்டி, “அப்படியா? அப்புறம் என்ன ஆச்சு?” என்றது.

“பாத்தீங்களா அண்ணி, எவ்வளவு மரியாதை!”

“மரியாதை இல்லடி அது. வேவு.”

“வேவு பாக்க நம்ம வீட்ல என்ன இருக்கு, உங்க ரசமா?”

நாத்தனாரும் பெட்டியும் கூடிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பேர்க்காரம்மா காய் நறுக்கினாள். அதற்குப் பிறகு அவள் பெட்டியைச் சந்தேகப்பட்டது பாதி, நாத்தனாரைச் சந்தேகப்பட்டது பாதி. இதற்கு நடுவிலும் அவளுக்கு ஒரு பெயர் வந்தது. ‘உன் பின்னாலதான் இருக்கு, பாரு’ என்ற ஊதா. அதை அடித்த வீடுகளில் தொலைந்த சாவியும் மூக்குக்கண்ணாடியும் தேடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கிடைத்தன. அட்டையில் சேர்த்தார்கள்.

சில மாதம் கழித்து மாப்பிள்ளை ‘சமையலறை வரிசை’ என்று புதிய பெயர்களைச் சொன்னது. முதலில் வந்தது ‘குழாயை மூடுங்க யாராவது’ என்ற சாம்பல்நீலம். இந்தத் தடவை சுவர்கள் சும்மா இருக்கவில்லை. அதை அடித்த வீடுகளில், குழாயே இல்லாத அறைகளில்கூட, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது பேர்க்காரம்மா வீட்டுக் குழாயின் சத்தம். அந்த வாரத்திலிருந்து அவள் வீட்டுக் குழாய் சொட்டுவது நின்றது. வாஷர் மாற்றாமலே சரியாகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அடுத்து ‘இந்த இருமலுக்கு ஒரு வழியே இல்லையா’ என்ற காவி. ஊரெங்கும் சுவர்கள் இருமின. புருஷனின் இருமல் நின்றது. சலூனில் முடி வெட்டும் ஆள் அவனை நிறுத்தி, “இப்ப தேவலையா? ராத்திரியெல்லாம் எங்க ஹால்ல ஒரே இருமல்” என்று விசாரித்தார். அதற்கும் சந்தோஷப்பட்டார்கள். மூன்றாவதாக ‘ஐயோ அண்ணி, கேளுங்க கதையை’ என்ற மஞ்சள் வந்தது. நன்றாக விற்றது. அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்று நாத்தனார் வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சத்தம் வரவில்லை.

டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, தொண்டை பிரமாதமாக இருக்கிறது என்றார். பிறகு வார்த்தைகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்த வரிசையில் ஒவ்வொரு நிறமாக வர வர நாத்தனாரின் வாயில் ஒரு பேச்சு குறைந்தது. கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. பேர்க்காரம்மா பளபளப்பிடம் போய் நிறுத்தச் சொன்னாள். இனிமேல் விடுவதை நிறுத்தலாம், ஊர்ச் சுவர்களில் ஏறியதை யார் சுரண்டுவது என்றார் அவர். வீட்டில் அமைதி, இத்தனை வருஷமாக அவள் கேட்ட அமைதி, வந்து உட்கார்ந்துகொண்டது. புருஷன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: “நீ அவகிட்ட ஏதாவது சொன்னியா?” சொல்லவில்லை என்றாள். “மனசுல?” என்றான். அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். பெட்டியைச் சந்தேகப்பட்டு முடித்து, நாத்தனாரைச் சந்தேகப்பட்டு முடித்து, இப்போது தன்னையே சந்தேகப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். மறுநாள் நாத்தனார் பரணிலிருந்து அரக்குச் சிவப்புப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். பேசமுடியாத ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் அவள் எப்படிச் சொல்வாள்? ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக் கார் ஏற்பாடு செய்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

ஒரு மதியம் பேர்க்காரம்மா கம்பெனிக்குப் போகும் வழியில், முன்பின் தெரியாத வீட்டிலிருந்து குடம் உருளும் சிரிப்பைக் கேட்டாள். கதவைத் தட்டிவிட்டாள். ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு மனிதர், தனியாள். நான்கு சுவரிலும் அந்த மஞ்சள். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. பெயிண்டைச் சுரண்டித் தரமுடியுமா என்று கேட்கத்தான் அவள் வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டு, “இன்ஜின் சத்தத்திலேயே இருந்துட்டு வந்து, இங்க ஒரு ஈ காக்கா சத்தம் இல்லாம பைத்தியம் பிடிச்சுடும் போல இருந்துச்சும்மா. இப்ப பரவால்ல. யாரோ புண்ணியவதி, நல்லா சிரிக்கிறா” என்றார். சுவர் மறுபடி சிரித்தது. அவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். போனதைத் திருப்பி வாங்க முடியாது என்று அந்த நாற்காலியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நேராக ஏசி அறைக்குப் போனாள். பளபளப்பு எழுந்து நின்றார்.

“இதையெல்லாம் எங்கேருந்து எடுத்துச்சுன்னு கேளுங்க.”

“நீங்களே கேளுங்கம்மா. அதுக்குக் காது கேக்கும்.”

“எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. நீங்க கேளுங்க.”

அவர் கேட்பதற்குள் மாப்பிள்ளை தானே பேசியது. “அந்தச் சமையலறையில பேசினதைத்தான் எடுத்தேன். அவங்களும் அங்கேருந்துதான் எடுக்கறதா சொன்னாங்க. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் சார். நான் அங்க இருக்கும்போது அவங்க ஒரு ஊதாவுக்குப் பேர் வச்சாங்க. ‘உன் பின்னாலதான் இருக்கு, பாரு.’ கண்ணாடியைக் காணோம்னு வீட்டுக்காரர் கேட்டது எங்கிட்ட இருக்கு. பதில் இல்ல. அன்னிக்கு யாருமே பதில் சொல்லல.”

பேர்க்காரம்மா உட்கார்ந்துவிட்டாள். அது தன் நாற்காலி என்பதைப் பளபளப்பு நினைவூட்டவில்லை. மாமியார் ஜன்னலோரம், “எனக்கெங்க தூக்கம் வருது” என்று சொன்ன மதியங்கள் எல்லாம் அவள் முன்னால் வந்து வரிசையில் நின்றன. ஒரு மதியமாவது ஒருத்தராவது பதில் சொன்னதுண்டா? அவள் சொல்லவில்லை. சொல்ல வந்ததை விழுங்கினாள். விழுங்கியது பச்சையில் போய் ஏறியது. அவள் வைத்த பெயர் ஒவ்வொன்றும் யாரோ கேட்டு, யாரும் சொல்லாமல் விட்ட பதில். இல்லாததிலிருந்து உண்டாக்கியதால் வீட்டில் எதுவும் குறையவில்லை. மாப்பிள்ளை செய்தது வேறு. இந்த வீட்டு மேசையைத் தூக்கி அடுத்த வீட்டில் போட்டது. அங்கே மேசை வந்தது, இங்கே போனது. அதில் களவு புத்தியும் இல்லை, நல்ல புத்தியும் இல்லை. அதற்கு வாய்விட்டுச் சொன்னதை எடுக்கத்தான் தெரியும்.

“இன்னொண்ணும் இருக்கு சார்” என்றது மாப்பிள்ளை. “அந்த அம்மா வாசல்ல நின்னு ஒரே கேள்வியைத் தினமும் கேட்டிருக்காங்க. தொந்தரவா இருக்கேனான்னு. அதுக்கு எப்பவும் பாத்திரச் சத்தம்தான் பதிலா வந்திருக்கு. அதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.”

இத்தனை வருஷத்தில் அவளும் கவனிக்காத ஒன்றை அது கவனித்திருந்தது. அதற்காக அவள் நன்றி சொல்லிவிடவில்லை. பதிலைத் தன் வாயிலிருந்து பிடுங்குவதற்காகத்தான் இப்படி இழுக்கிறதோ என்றுதான் முதலில் தோன்றியது. “ஒரு நிறம் வேணும்னு சொல்லுங்க” என்றாள் பளபளப்பிடம். “அரக்குச் சிவப்புப் பெட்டி. பரண்ல கிடந்து மேல வெளுத்தது. ஆனா கைப்பிடிக்கு அடியில வெளுக்கல. அந்த இடத்து நிறம்.” மாப்பிள்ளை திரையில் ஒவ்வொன்றாகக் காட்டியது. அவள் இல்லை, இல்லை என்றாள். எதில் என்ன குறை என்று அது கேட்டது. எதிலும் யாரும் கை வைத்த மாதிரி இல்லை என்றாள். அது கொஞ்சம் யோசித்து, ஒரு துளி கருப்பும் ஒரு துளி பழுப்பும் சேர்த்தது. அதுதான். கலவைக்கூடத்தில் ஒரு வாளி கலந்து கொடுத்தார்கள்.

“பேரு?” என்று பளபளப்பு பேனாவை எடுத்தார்.

“பேரு என் வீட்ல இருக்கு” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷன் ஏணியைப் பிடிக்க, சமையலறைக்கு அவளே அடித்தாள். பெயிண்ட் தெறிக்கும் என்று சாமான்களை எல்லாம் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். சோப்பு டப்பா பெட்டி மட்டும் ஜன்னல் மேடையில் துணி போர்த்தி இருந்தது. கடைசிச் சுவர் ஈரமாக இருக்கும்போதே தெருவில் கார் வந்து ஹாரன் அடித்தது. நாத்தனார் அரக்குச் சிவப்புப் பெட்டியோடு வந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை என்றாலும் என்ன கேட்கிறாள் என்று தெரியாதா? பேர்க்காரம்மாவின் கை பழக்கத்தில் பக்கத்துத் திட்டுக்குப் போனது. அங்கே கரண்டி இல்லை. மூடி இல்லை. ஒரு டம்ளர்கூட இல்லை. கை வெறுமனே ஈரச் சுவரில் பட்டது.

“இரு. எங்க போற?” என்றாள்.

சுவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. நாத்தனார் பெட்டியைக் கீழே வைத்தாள். வைத்தவள் வாயைத் திறந்தாள். முதலில் ஒரு விக்கல் வந்தது, அதன் பின்னால் ஒரு சிரிப்பு, குடம் உருளுவது மாதிரி இல்லை, வாளியில் தண்ணீர் இறைப்பது மாதிரி, புதுசு. “ஐயோ, உங்க மூஞ்சியெல்லாம் பெயிண்ட்டு அண்ணி!” என்றாள். வெளியில் காத்திருந்த டிரைவர், வருகிறார்களா இல்லையா என்று கேட்க உள்ளே வந்தார். அவர் சாயங்காலம்தான் போனார்.

அதன் பிறகு அந்தச் சமையலறைக்குள் காலெடுத்து வைத்தவர்கள் யாரும் சட்டென்று கிளம்பவில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் காலி சிலிண்டர்மேல் உட்கார்ந்து தன் மகள் கல்யாணக் கதையைச் சொன்னார். மின்சார மீட்டர் பார்க்கிறவர் தெருவில் அந்த வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார். பளபளப்பு அந்தப் பெயரைக் கம்பெனிக்குக் கேட்டு வாங்க வந்து, மூன்று டீ குடித்து, எதற்கு வந்தோம் என்பதை மறந்து போனார். நாத்தனார் ஒருநாள் ரயில்காரர் வீட்டுக்குப் போய்த் தன் பழைய சிரிப்பைக் கேட்டுவிட்டு வந்தாள். “சகிக்கல அண்ணி. இதையா இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டீங்க?” என்றாள்.

இப்போது கம்பெனியில் நிறம் மாப்பிள்ளையுடையது, பெயர் பேர்க்காரம்மாவுடையது. எந்தக் கேள்வி பதில் இல்லாமல் நிற்கிறது என்று அது சொல்லும். அந்தப் பதிலை அவள் உண்டாக்குவாள். சமையலறையில் சொன்ன எதுவும் வாளி மூடியில் ஏறக்கூடாது என்பது ஏற்பாடு. அது அப்படியே நடக்கிறதா என்று ஒவ்வொரு புது அட்டையையும் அவள் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். வெகுநாள்வரை அவளுக்கும் அதற்கும் நேர்ப்பேச்சு இருக்கவில்லை. சோப்பு டப்பாவைத் திரும்ப எடுத்துப்போக வந்த ஆள் நெடுநேரம் இருந்துவிட்டு அதை எடுக்காமலே போய்விட்டான். இரண்டாவது ஆளும் அப்படியே. சுவர் அதையும் விடவில்லை என்று புரிந்து, கம்பெனி கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பேர்க்காரம்மா அதைச் சுவர்ப்பக்கம் திருப்பித் துணி போட்டு மூடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு காலையில், நாத்தனார் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில், துணிக்கு அடியிலிருந்து அது முதல் தடவையாக நேராக அவளிடமே பேசியது. “நான் உங்களுக்குத் தொந்தரவா இருக்கேனா?”

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பேர்க்காரம்மா குழம்புக் கரண்டியைத் தூக்கி, சட்டியின் விளிம்பில் டணால் என்று வைத்தாள்.

அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு பெட்டி பேச ஆரம்பித்தது. அன்றிலிருந்து அந்தச் சமையலறையில் வாய் ஓயாதவர்கள் இரண்டு பேர்.